என்புமச்சை மாற்றமும் உறங்கும் வைரசுகளும்: சிறார் மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயம்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் படையெடுப்பு வரலாறு போலவே எழுதப்படுகின்றது. பகைவன் எல்லை கடந்து புகுகின்றான். அவனோடு போர் நிகழ்கின்றது. அவன் கொல்லப்படுகின்றான், அன்றேல் துரத்தப்படுகின்றான். நாடு பழைய நிலையை எய்துகின்றது. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் முதலிய நோய்களின் வரலாற்றுக்கு இவ்வுருவகம் ஓரளவு பொருந்துவதாகும். ஆயின், ஒருமுறை உடலினுட் புகுந்தபின் உயிருள்ளவரை வெளியேறாத வைரசுகளும் உள. அவை நரம்புக் கணுக்களிலும் குருதிக் கலங்களிலும் ஒடுங்கி, ஆண்டுக்கணக்காக உறங்குகின்றன. நலமுள்ள மனிதர் தம்முள் இவ்வாறு குடியிருப்பவை உளவென்பதையும் அறியார். உடலின் காவல் தளர்ந்த வேளையில் மாத்திரமே அவை விழித்தெழுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, குருதிப் புற்றுநோயாலும் பிறவிக் குறைபாடுகளாலும் இறக்கும் நிலையிலிருந்த சிறுவரைக் காப்பதற்கு என்புமச்சை மாற்றம் என்னும் சிகிச்சை தோன்றியது. குருதியின் எல்லா வகைக் கலங்களையும் பிறப்பிக்கும் மூலக் கலங்கள் குருத்துக்கலங்கள் எனப்படும். நோயுற்ற குழந்தையின் மச்சையை அழித்து, பிறரொருவரின் குருத்துக்கலங்களை அதனிடத்து வைப்பதே இச்சிகிச்சையின் சாரமாகும். இச்சிகிச்சை பல உயிர்களைக் காத்தது. அதேவேளை உறங்கிய வைரசுகளையும் எழுப்பியது. அவற்றை மீண்டும் உறங்கவைக்க நடந்த முயற்சிகளின் வரலாறு, மருந்துகளின் வரலாறு போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குவார்க்கு வேறோர் உண்மையை உணர்த்தும். மருந்து காவலைத் தற்காலிகமாகத் தாங்குவது. வைரசை உறங்கவைப்பது உடலின் சொந்தக் காவலேயாம். இவ்வுண்மை எளிதில் விளங்கிவிடவில்லை. அதற்குப் பல குழந்தைகளின் உயிர் விலையாயிற்று.

உறக்கம் என்னும் கருத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், புடாபெஸ்ற் நகரத்துச் சிறார் மருத்துவராகிய ஜானோஸ் பொக்காய் ஒரு புதுமையைக் கண்டார். வீட்டில் முதியவர் ஒருவர்க்கு அக்கி கண்டால், சில நாட்களின் பின் அவ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொப்புளிப்பான் வருவதை அவர் அவதானித்தார். இடுப்பிலோ மார்பிலோ ஒருபுறமாகப் பட்டிபோலப் படர்ந்து நோவு தரும் அக்கியும், உடலெங்கும் பரவும் குழந்தைப்பருவக் கொப்புளிப்பானும் ஒரே கிருமியின் இரு தோற்றங்களோ என்னும் ஐயம் அன்று எழுந்தது. 1950களில் தோமஸ் வெலர் என்னும் அமெரிக்க அறிஞர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரசை வளர்த்து, இரண்டும் ஒன்றே எனக் காட்டினார்.

ஒரே கிருமி முதலில் ஒரு நோயாகவும் பல்லாண்டு கழித்து மற்றொன்றாகவும் தோன்றுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் பெரிய ஆய்வுகூடத்து அறிஞரல்லர். இங்கிலாந்தின் சைரன்செஸ்ரர் நகரிற் பொது மருத்துவராகப் பணியாற்றிய எட்கார் ஹோப்-சிம்சன் என்பவர். அவர் தம்மிடம் வந்த நோயாளரின் பதிவுகளை 16 ஆண்டுகள் பேணி, 192 அக்கி நோய் நிகழ்வுகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். கொப்புளிப்பான் மாறிய பின் வைரசு நரம்புக் கணுக்களில் ஒடுங்கியிருக்கின்றது. உடலின் நிர்ப்பீடனம் ஓர் எல்லைக்குக் கீழே தாழும்போது அது மீண்டும் எழுகின்றது என்பதே அம்முடிபாம். மீளெழுச்சி என்னும் நிகழ்ச்சியில் வைரசின் வலிமையினும் காவலின் தளர்ச்சியே முதன்மையானது என்னும் கருத்து இதனுள் அடங்கியிருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இதே காலப்பகுதியில் வேறிரு வைரசுகளும் வெளிப்பட்டன. 1956, 1957ஆம் ஆண்டுகளில் மார்கிறற் சிமித், வாலஸ் றோ, தோமஸ் வெலர் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரு வைரசைப் பிரித்தெடுத்தனர். அது தொற்றிய கலங்கள் வழமையினும் மிகப் பெரிதாக வீங்குவதால், 1960இல் வெலர் அதற்குச் சைற்றோமெகலோ வைரசு எனப் பெயரிட முன்மொழிந்தார். 1964இல் அந்தோனி எப்ஸ்ரைன், இவோன் பார், பேட் அச்சோங் ஆகியோர் ஆபிரிக்கச் சிறுவரிடத்துக் காணப்பட்ட ஒருவகைக் கட்டியின் கலங்களில் இன்னொரு வைரசைக் கண்டனர். அது எப்ஸ்ரைன்–பார் வைரசு எனப்படுகின்றது. முன்னது மச்சையிலிருந்து பிறக்கும் சில வெண்கலங்களிலும், பின்னது பிறபொருளெதிரிகளை ஆக்கும் பி கலங்களிலும் உறங்குவன. இவை இரண்டும் மச்சையோடும் குருதியோடும் தொடர்புடையன ஆதலின், மச்சை மாற்றத்தின் வரலாற்றிற் பெரும் பங்கு கொள்வனவாயின.

மச்சை மாற்றத்தின் தோற்றம்

1945இல் ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் வீசப்பட்ட அணுக்குண்டுகள், கதிர்வீச்சு என்புமச்சையை எங்ஙனம் அழிக்கின்றது என்பதை உலகுக்கு உணர்த்தின. அதன்பின் விலங்குகளில் நடந்த ஆய்வுகள், கதிர்வீச்சுக்குட்பட்ட எலிகளுக்கு மச்சையை ஊசிமூலம் ஏற்றினால் அவை பிழைக்கும் எனக் காட்டின. 1957இல் டொனல் தோமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் மனிதர்க்கு மச்சை ஏற்றிய முதல் முயற்சிகளை அறிவித்தார். ஒட்டு நிலைக்கவில்லை, நோயாளர் இறந்தனர். 1958இல் பாரிஸ் நகரத்து ஜோர்ஜ் மத்தே, அணுவுலை விபத்திற் கதிர்வீச்சுக்குட்பட்ட யூகோசிலாவிய அறிஞர் சிலர்க்கு மச்சை ஏற்றினார். அதே ஆண்டில் ஜோன் டோசே, வெண்குருதிக் கலங்களின் மேலுள்ள அடையாளங்களுள் முதலாவதை விவரித்தார். வழங்குநரும் ஏற்பவரும் இவ்வடையாளங்களில் ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன்பின்னரே படிப்படியாக விளங்கிற்று.

நிலைத்த முதல் வெற்றி ஒரு குழந்தையிடத்தே கிட்டியது. 1968இல் அமெரிக்காவின் மினசோற்றாவில் றொபேட் குட் என்பாரும் அவர்தம் குழுவினரும், பிறவியிலேயே நிர்ப்பீடனம் அற்றிருந்த ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அதன் சகோதரியின் மச்சையை ஏற்றினர். அக்குழந்தை பிழைத்து வளர்ந்தது. 1970களில் சியாற்றில் நகரத்திலே தோமஸின் குழுவினர் குருதிப் புற்றுநோய்க்கு இச்சிகிச்சையை முறைப்படுத்தினர். இப்பணிக்காக 1990இல் அவர்க்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1988இல் பாரிஸில் எலியான் குளூக்மன், மச்சைக்குப் பதிலாகத் தொப்புட்கொடிக் குருதியைக் கொண்டு ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்தார்.

காவலற்ற கோட்டை

இச்சிகிச்சையில் ஒரு முரண் உள்ளுறைந்து கிடந்தது. புதிய மச்சை வேரூன்ற வேண்டுமாயின் பழைய மச்சை அழிக்கப்படல் வேண்டும். அதனோடு, கழுத்தின் கீழுள்ள தைமசுச் சுரப்பியிற் பயின்று, ஒவ்வொரு வைரசையும் இனங்கண்டு, அஃது ஒளிந்துள்ள கலங்களை அழிக்கும் ரி கலங்களும் அழிகின்றன. புதிய மச்சையிலிருந்து புதிய ரி கலங்கள் தோன்றிப் பயின்று வருவதற்கு மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும், செல்லும். வந்த புதுக் கலங்கள் ஏற்பவரின் உடலையே பகையெனக் கருதித் தாக்குவதுமுண்டு. அதனைத் தணிக்கக் கொடுக்கப்படும் மருந்துகள் காவலை மேலும் ஒடுக்குகின்றன. பழைய காவலர் மாண்டு, புதிய காவலர் பயிற்சி பெறாத இவ்விடைவெளியிலேயே உறங்கியவை விழிக்கின்றன.

அவை விழித்த முறையிலும் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. முதல் மாதத்தில் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும் ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் எழுந்தது. இரண்டாம் மூன்றாம் மாதங்களிற் சைற்றோமெகலோ வைரசு சுவாசப்பையைத் தாக்கிற்று. அதன்பின் அக்கி வந்தது. சிறுவரிடத்து அடினோ வைரசு என்னும் மற்றொன்றும், வளர்ந்தோரினும் மிகுதியாகக் குடலிலிருந்து எழுந்து உடலெங்கும் பரவிற்று. இவற்றுட் கொடியது சைற்றோமெகலோ வைரசே. தொடக்க ஆண்டுகளில் அதனாற் சுவாசப்பை அழற்சி கண்டோருட் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்தனர். புற்றுநோயிலிருந்து தப்பிய குழந்தை, பிறர்க்குத் தடிமனளவேனும் துன்பந்தராத ஒரு வைரசுக்கு இரையாயிற்று.

இந்நிலையை உலகம் உள்ளத்தால் உணரச் செய்த நிகழ்ச்சி ஹூஸ்ரன் நகரில் நிகழ்ந்தது. 1971இல் அங்கே பிறந்த டேவிட் வெற்றர் என்னும் சிறுவன் நிர்ப்பீடனமற்றவன் என்பது பிறப்பதற்கு முன்னரே ஐயுறப்பட்டமையின், பிறந்த கணத்திலிருந்தே கிருமி நீக்கிய பிளாத்திக்குக் கூடாரத்தினுள் வளர்க்கப்பட்டான். பெற்றோரின் வெறுங்கையும் அவன்மேற் படவில்லை. முற்றாகப் பொருந்தும் மச்சை கிடைக்காமையால் அவன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தான். 1983 ஒக்ரோபரில், அவன் உடலைத் தாக்கக்கூடிய ரி கலங்களை நீக்கிய பின், அவனுடைய சகோதரியின் மச்சை அவனுக்கு ஏற்றப்பட்டது. சில வாரங்கள் யாதொரு தீங்கும் தோன்றவில்லை. பின்னர் காய்ச்சலும் குருதிப்போக்கும் கண்டு, 1984 பெப்ரவரி 22ஆம் நாள் அவன் இறந்தான். ஆய்ந்தபோது உடலெங்கும் கட்டிகள் காணப்பட்டன. சகோதரியின் பி கலங்களில் அவளுக்குத் தீங்கின்றி உறங்கிய எப்ஸ்ரைன்–பார் வைரசு, மச்சையோடு அவனுடலிற் புகுந்து, தடுப்பாரின்றிப் பெருகி அக்கட்டிகளை விளைவித்திருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் வெளியிலிருந்து ஒரு கிருமியும் புகாதவாறு காக்கப்பட்ட சிறுவனை, அவனைக் காக்கவந்த மச்சையே கொணர்ந்த வைரசு கொன்றது. காற்றையும் நீரையும் தூய்மையாக்குவதாற் பயனில்லை; உறங்கும் வைரசுக்கு எதிராகக் கூடாரம் காவலாகாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி பிறிதில்லை. ஒரே வைரசு சகோதரியிடத்து உறங்கியதும் சகோதரனிடத்து வெறிகொண்டதும் ஏன் என்னும் வினாவுக்கு, அவளிடம் இருந்து அவனிடம் இல்லாதிருந்த ரி கலங்களே விடையாகும்.

மருந்து என்னும் காவல்

டேவிட் இறப்பதற்கு முன்னரே வேறொரு பாதை திறந்திருந்தது. வைரசு தான் வாழும் கலத்தின் பொறிகளையே தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதால், வைரசைக் கொல்லும் மருந்து கலத்தையும் கொல்லும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கேட்றூட் எலியன் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1977இல் விவரித்த அசைக்குளோவிர் என்னும் மருந்து இக்கருத்தை மாற்றியது. அம்மருந்து கலத்தினுள் உறங்கும் நிலையிலேயே புகும்; ஹேர்ப்பிஸ் வைரசுக்கே உரிய ஒரு நொதியம் அதனைத் தீண்டியபின்னரே வீரியம் பெறும். ஆகவே வைரசற்ற கலத்தில் அது ஏறக்குறையத் தீங்கற்றது. எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவராவார்.

1981இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தம்முள் ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் உறங்குவதாக அறியப்பட்ட மச்சை மாற்ற நோயாளர் 20 பேருட் பத்துப் பேர்க்கு, வைரசு எழுமுன்னரே அசைக்குளோவிர் கொடுக்கப்பட்டது; பத்துப் பேர்க்கு மருந்தற்ற போலி ஊசி போடப்பட்டது. பின்னவருள் எழுவர்க்கு வைரசுப் புண்கள் தோன்றின. முன்னவருள் ஒருவர்க்கேனும் தோன்றவில்லை. ஆய்வு சிறிதெனினும் அதன் பொருள் பெரிது. நோய் வந்தபின் மருந்து தேடுதல் என்னும் பழைய முறை போய், வருமுன் காத்தல் என்னும் முறை இத்துறையில் நிலைபெற்றது.

சைற்றோமெகலோ வைரசோ அசைக்குளோவிருக்கு அடங்கவில்லை. அசைக்குளோவிரை வீரியமாக்கும் அந்நொதியம் அதனிடத்து இல்லை. அதற்கெனக் கான்சிக்குளோவிர் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 1991இல் சியாற்றிலில் நடந்த ஆய்வொன்று, நோய்க்குறி தோன்றுமுன் வைரசு வெளிப்பட்ட 72 பேரை இரு பிரிவாக்கியது. போலி மருந்து பெற்ற 35 பேருள் 15 பேர்க்கு நோய் கண்டது. கான்சிக்குளோவிர் பெற்ற 37 பேருள் ஒருவர்க்கே கண்டது. மருந்து பெற்றோர் மிகுதியாக உயிர் பிழைத்தும் இருந்தனர்.

குருதியேற்றல் வழியாகவும் இவ்வைரசு புகும் என்பது அறியப்பட்டிருந்தமையின், வைரசற்ற குழந்தைக்கு வைரசற்றோரின் குருதியையே கொடுத்தல் 1980களிற் கைக்கொள்ளப்பட்டது. பின்னர் குருதியிலிருந்து வெண்கலங்களை வடிகட்டி நீக்குதலும் ஏறத்தாழ அதேயளவு பயன் தரும் எனக் கண்டறியப்பட்டது.

இரு கொள்கைகளின் விவாதம்

இவ்விடத்து மருத்துவரிடையே இரு கொள்கைகள் தோன்றின. எல்லாக் குழந்தைகட்கும் தொடக்கத்திலிருந்தே மருந்து கொடுத்தல் ஒன்று. வாரந்தோறும் குருதியைச் சோதித்து, வைரசு தலைகாட்டிய உடனே, நோய் தோன்றுமுன் மருந்து தொடங்குதல் மற்றொன்று. முதலாவது பாதுகாப்பானதாகத் தோன்றினும் 1993இல் வெளிவந்த ஆய்வுகள் அதன் குறையை வெளிப்படுத்தின. கான்சிக்குளோவிர் வைரசை அடக்கியது உண்மையே. ஆயின் புதிதாக வேரூன்றிய மச்சையையும் அது ஒடுக்கியது. வெண்கலங்கள் குறைந்தன, பற்றீரியாக்களும் பங்கசுக்களும் புகுந்தன. முடிவில், மருந்து பெற்றோரும் பெறாதோரும் உயிர் பிழைத்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை. வைரசினால் இறவாது தப்பியோர் சிலர் மருந்தின் விளைவால் இறந்தனர் என்பதே இதன் பொருளாகும்.

இரண்டாவது கொள்கைக்கு நுண்ணிய சோதனை வேண்டியிருந்தது. 1980களின் இறுதியில் நெதர்லாந்து அறிஞர், குருதியின் வெண்கலங்களில் வைரசின் புரதத்தைக் காணும் முறையை வகுத்தனர். கரி மலிஸ் 1983இற் கண்ட பி.சி.ஆர். என்னும் முறையால், வைரசின் மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.யையும் பன்மடங்காகப் பெருக்கிக் காண இயன்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இது வாராந்தச் சோதனையாயிற்று. ஆயினும் ஓர் ஆய்வுகூடத்து எண் மற்றோர் ஆய்வுகூடத்து எண்ணோடு ஒவ்வாதிருந்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் சைற்றோமெகலோ வைரசுக்குச் சர்வதேச அளவுகோல் ஒன்றை நிறுவிய பின்னரே பல நாட்டுக் கணக்குகளை ஒப்புநோக்கும் வழி பிறந்தது.

இவ்விவாதத்தினிடையே சியாற்றில் அறிஞர் 1994இற் கண்ட ஓர் உண்மை மிகவும் சிந்தனைக்குரியது. கான்சிக்குளோவிரைத் தொடர்ந்து பெற்றோரிடத்து, அவ்வைரசை எதிர்க்கும் ரி கலங்கள் தோன்றுதல் தாமதமாயிற்று. பகைவனைக் காணாத காவலன் பயிற்சி பெறான் அன்றோ? அதனாலேயே நூறு நாள் மருந்து முடிந்தபின் சிலரிடத்துச் சைற்றோமெகலோ நோய் பிந்தி வந்தது. மருந்து நாளைத் தள்ளிப்போட்டதேயன்றிப் பொறுப்பைத் தீர்க்கவில்லை.

இதனோடு ஒத்த மற்றோர் உண்மையும் உண்டு. சிறுநீரக மாற்றத்தில் வைரசற்ற ஏற்பவர்க்கு வைரசுள்ள சிறுநீரகம் வைத்தலே பேராபத்து. மச்சை மாற்றத்திலோ, வைரசுள்ள குழந்தைக்கு வைரசற்ற வழங்குநரின் மச்சையை வைத்தலே பெரிதும் அஞ்சத்தக்கது. ஏனெனில் மச்சையோடு வருவது காவற்படையாகும். வைரசை ஒருபோதும் காணாத வழங்குநரின் காவற்படைக்கு அவ்வைரசை அடையாளந் தெரியாது. தூய மச்சையே பாதுகாப்பானது என்னும் இயல்பான எண்ணம் இங்கே தலைகீழாகின்றது.

இரவற் காவலர்

காவலின் குறையே நோயின் வேராயின், காவலரையே இரவலாகப் பெறுதல் ஆகாதோ? இவ்வெண்ணத்தைச் செயற்படுத்தியோர் சியாற்றிலின் ஸ்ரான்லி றிடெல், பிலிப் கிறீன்பேர்க் முதலியோராவர். வழங்குநரின் குருதியிலிருந்து சைற்றோமெகலோ வைரசை மாத்திரம் தாக்கும் ரி கலங்களைத் தேர்ந்து, ஆய்வுகூடத்திற் பெருக்கி, ஏற்பவர்க்கு ஊசிமூலம் அவர்கள் ஏற்றினர். 1992இல் முதல் அறிக்கை வெளிவந்தது. 1995இல் அறிவிக்கப்பட்ட 14 பேருள் ஒருவர்க்கேனும் அவ்வைரசு நோய் தோன்றவில்லை. ஆயினும், துணைபுரியும் வேறு வகை ரி கலங்கள் உடலில் மீளாதவரிடத்து, ஏற்றப்பட்ட கலங்கள் நாளடைவிற் குறைந்தன. படைத்தலைவனின்றிப் போர்வீரர் நிலைத்து நில்லார் என்பது இதனாற் புலனாயிற்று.

எப்ஸ்ரைன்–பார் வைரசுக்கு எதிரான முயற்சி சிறுவர் மருத்துவமனையிலேயே தொடங்கியது. மெம்பிஸ் நகரத்துச் சென் ஜூட் சிறுவர் ஆய்வு மருத்துவமனையிற் கிளியோனா றூனி, ஹெலன் ஹெஸ்லொப், மல்கம் பிறென்னர் ஆகியோர், அவ்வைரசை எதிர்க்கும் வழங்குநர் ரி கலங்களை வளர்த்து, ஆபத்து மிக்க குழந்தைகளுக்கு வருமுன் காப்பாகக் கொடுத்தனர். 1998இல் வெளிவந்த கணக்கின்படி, இவ்வாறு காக்கப்பட்ட 39 பேருள் ஒருவர்க்கும் அக்கட்டி நோய் தோன்றவில்லை. காப்புப் பெறாத ஒப்பீட்டுப் பிரிவில் அது நூற்றுக்கு 11.5 பேர்க்குக் கண்டிருந்தது. சில கலங்களில் அடையாள மரபணு ஒன்று பொறிக்கப்பட்டிருந்தமையால் அவற்றின் ஆயுளையும் அறிய முடிந்தது. 2010இல் அவர்கள் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கிற் காப்புப் பெற்றோர் 101 பேராயினர். அவர்களுள் ஒருவரும் அந்நோய்க்கு ஆளாகவில்லை. ஏற்றப்பட்ட கலங்கள் ஒன்பது ஆண்டுகள் வரை உயிரோடு காவல் புரிந்தமையும் காணப்பட்டது. இக்குழுவினர் பின்னாளிற் பணியாற்றிய நகரம், டேவிட் வாழ்ந்து இறந்த ஹூஸ்ரனே என்பது வரலாற்றின் ஓர் இயைபாகும். அவனிடத்து இல்லாதிருந்தது எதுவோ, அதனையே அவர்கள் பிற குழந்தைகளுக்கு வழங்கினர்.

எளிதான மாற்று வழியொன்றும் இதற்கிடையில் தோன்றியது. அமெரிக்காவில் 1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்கென அனுமதிக்கப்பட்ட றிற்றுக்சிமாப் என்னும் மருந்து, எப்ஸ்ரைன்–பார் வைரசு உறங்கும் பி கலங்களையே அழிப்பது. குருதியில் வைரசு பெருகத் தொடங்கும்போது அதனைக் கொடுத்துக் கட்டி தோன்றாது தடுத்தல் பல நாடுகளில் வழக்கமாயிற்று. ஆயின் வீட்டைக் கொளுத்தி எலியை ஒழிப்பதுபோல, பி கலங்கள் அழிந்த குழந்தை மாதக்கணக்காகப் பிறபொருளெதிரிகளை ஆக்க இயலாது நிற்கும்.

ரி கலங்களை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே வளர்க்க வாரங்கள் செல்லும்; பெரும் பொருளும் வேண்டும். அதனால் மூன்றாமவரின் கலங்களை முன்னதாகவே வளர்த்துக் களஞ்சியப்படுத்தும் முறை ஆராயப்பட்டது. இவ்வகையில் ஆக்கப்பட்ட ஒரு சிகிச்சை, பிற சிகிச்சைகளுக்கு அடங்காத எப்ஸ்ரைன்–பார் கட்டி நோய்க்கென, இரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. மறுபுறம், பல வைரசுகளை ஒருங்கே தடுக்குமென எதிர்பார்க்கப்பட்ட மற்றொரு கலச் சிகிச்சையின் பெரும் ஆய்வுகள், பயன் புலப்படாமையால் 2023இன் இறுதியில் நிறுத்தப்பட்டன. இரவற் காவலரின் வரலாறு வெற்றி மாத்திரமே நிறைந்ததன்று.

சிறுவர் காத்திருந்த காலம்

2017இல் லெற்றர்மோவிர் என்னும் புதிய மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சைற்றோமெகலோ வைரசு தன் டி.என்.ஏ.யை நீண்ட இழையாக ஆக்கி, பின் அளவாக வெட்டித் தன் உறையினுள் அடைப்பது. அவ்வெட்டும் தொழிலையே இம்மருந்து தடுக்கின்றது. மனிதக் கலத்தில் அத்தொழில் இன்மையால் மச்சை ஒடுங்குவதில்லை. எனவே கான்சிக்குளோவிரால் இயலாது போன முதலாவது கொள்கை, அதாவது யாவர்க்கும் தொடக்கத்திலிருந்தே காப்பளித்தல், மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த ஆய்வில், சிகிச்சை வேண்டிய அளவு வைரசு எழுந்தோர் போலி மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 60.6 பேராகவும், லெற்றர்மோவிர்ப் பிரிவில் 37.5 பேராகவும் இருந்தனர். ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்சையும் அக்கியையும் இது தடுக்காதாகையால் அசைக்குளோவிரும் உடன் வேண்டப்படுகின்றது.

ஆயின் அவ்வனுமதி வளர்ந்தோர்க்கே உரியதாயிருந்தது. ஆறு மாதமும் ஆறு கிலோகிராம் நிறையும் கடந்த குழந்தைகளுக்கு அது 2024 ஓகஸ்ற் மாதத்திலேயே நீட்டிக்கப்பட்டது. இவ்வேழாண்டுத் தாமதம் அலட்சியத்தால் மாத்திரம் விளைந்ததன்று. குழந்தை சிறிய வளர்ந்தோனல்லன். அவனுடைய ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் வேகம் வேறு. மாத்திரையை விழுங்க இயலாத குழந்தைக்கு உணவிற் கலந்து கொடுக்கும் சிறுமணிகளாக மருந்தை ஆக்கவும் வேண்டியிருந்தது. எனினும், மச்சை மாற்றத்தின் நிலைத்த முதல் வெற்றியை ஈட்டித் தந்தவர்கள் குழந்தைகள். அதன் பாதுகாப்பைக் கடைசியிற் பெற்றவர்களும் குழந்தைகள் என்பது சிந்திக்கவேண்டியதொன்றாகும். அடினோ வைரசைத் தடுக்கவென முழுமையாக நிறுவப்பட்ட மருந்தின்மையும் இக்குறையின் மற்றொரு முகமே. அதற்குப் பயன்படுத்தப்படும் சிடோபோவிர் வேறொரு நோக்கத்துக்காக அனுமதிக்கப்பட்டது. சிறுநீரகத்துக்கு ஊறு விளைவிக்க வல்லது.

தென்னாசியாவுக்கு இவ்வரலாறு தனிப்பட்ட முறையிற் பொருந்துவது. செல்வ நாடுகளிற் பல குழந்தைகள் சைற்றோமெகலோ வைரசைப் பெறாமலே வளர்கின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலுமோ பெரும்பாலானோர் குழந்தைப் பருவத்திலேயே, தாய்ப்பால் முதலிய வழிகளால், தீங்கின்றி அதனைப் பெற்றுவிடுகின்றனர். எனவே வைரசற்ற குழந்தையை வைரசினின்றும் விலக்கிக் காக்கும் முறைகள் இங்கு அதிகம் பயன்படா. உள்ளே உறங்குவதைக் கண்காணித்தலே முதன்மையாகும். 1986 முதல் மச்சை மாற்றம் செய்யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிற் சிகிச்சை பெறுவோருள், இலங்கையிலும் காணப்படும் தலசீமியா நோயுள்ள சிறுவர் பலர். இவர்களுக்கு வாராந்தச் சோதனையும் உரிய மருந்தும் கிடைத்தல், மச்சை கிடைத்தலுக்கு அடுத்த தேவையாகும்.

வரலாறு உணர்த்துவது

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின் மூன்று காலங்கள் புலப்படும். நோய் வந்தபின் போராடித் தோற்ற காலம் முதலாவது. மருந்தாலும் சோதனையாலும் நோயை முந்திய காலம் இரண்டாவது. உடலின் காவலை மீட்டுக் கொடுக்க முயலும் காலம் மூன்றாவது. மூன்றாவது காலம் இரண்டாவதை நீக்கிவிடவில்லை. இன்றும் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பவை அசைக்குளோவிரும் வாராந்தக் குருதிச் சோதனையுமே. ஆயின் அவற்றின் பணி யாதென்பது இப்பொழுது தெளிவாகியுள்ளது. அவை வைரசை ஒழிப்பனவல்ல. காவலர் திரும்பும்வரை வாயிலைப் பிடித்து நிற்பன.

இயற்கையும் இதிற் குழந்தைகளுக்கு ஒரு சலுகை அளித்துள்ளது. ரி கலங்களைப் பயிற்றும் தைமசுச் சுரப்பி குழந்தைப் பருவத்திலேயே மிகுந்த ஆற்றலோடு இயங்குவது; வயது ஏற ஏறச் சுருங்குவது. ஆதலின் அவ்விடைவெளியைக் கடக்கும் குழந்தை, முதியவரினும் விரைந்து தன் காவலைத் தானே மீட்டுக்கொள்கின்றது. மருத்துவத்தின் கடமை அவ்விடைவெளியைக் குறுக்குதலும், அதுவரை குழந்தையைத் தாங்குதலுமேயாம். வைரசு குருதியில் தோன்றாதிருந்த நாட்களை எண்ணுவதோடு அமையாது, அக்குழந்தையின் உடலிற் காவலர் எண்ணிக்கை எவ்வளவு மீண்டது என்பதையும் அளந்து, அதற்கேற்ப மருந்தை நிறுத்துதலே இனிவரும் காலத்தின் நெறியாக அமையும்.

கூடாரத்தினுள் வளர்ந்த சிறுவனைச் சுற்றி எழுப்பப்பட்ட சுவர்கள் அவனைக் காக்கவில்லை. அவனுக்குப் பின்வந்த குழந்தைகளைக் காத்தது, ஒன்பதாண்டுகள் உயிரோடிருந்து காவல் புரிந்த சில கலங்கள். உறங்கும் பகையோடு வாழ்தல் மனிதவுடலின் இயல்பு. அப்பகை உறங்கிக்கொண்டேயிருக்கச் செய்தலே நலம் என்பதன் பொருள்.